டோக்கியோவிலிருந்து ஒக்கு-இசுமோ மலையூருக்கு ஒரு வாரக்கடைசி: ராத்திரி ரயிலா, நொசோமியா, பதினெட்டு டிக்கெட்டா?

டோக்கியோவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கூட வேலை பார்த்த ஜப்பானிய நண்பர் நகரம் போதும் என்று சொந்த ஊருக்கே குடிபோய்விட்டார். அல்லது ஜெட் திட்டத்தில் ஆங்கிலம் சொல்லித்தர வந்தவருக்கு எங்கோ மலையூரில் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. "ஒரு தடவை வந்துட்டுப் போயேன்" என்று கூப்பிடுகிறார்கள். கையில் இருப்பது வெள்ளி சாயங்காலம் முதல் திங்கள் காலை வரை. எந்த ரயிலில் போவது?

பொதுவாகப் பதில் சொன்னால் யாருக்கும் உதவாது. எனவே ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொள்கிறேன்: டோக்கியோவிலிருந்து ஷிமானே மாகாணத்தின் ஒக்கு-இசுமோ. நிதா, யோகொத்தா என்ற இரண்டு சிற்றூர்கள் 2005-ல் சேர்ந்து உருவான மலை நகரம். நிதா அரிசிக்கும், மணிச்சட்டத்துக்கும், வாள் செய்யும் எஃகைப் பழைய முறையில் உருக்கும் தத்தாரா உலைக்கும் பேர்போன இடம். நண்பர் வீட்டுக்கு அருகில் உள்ள ரயில் நிலையம் இசுமோ-யோகொத்தா என்று வைத்துக்கொள்வோம். கோயில் முகப்பு போலக் கட்டி, வாசலில் பெரிய வைக்கோல் வடக்கயிறு தொங்கவிட்ட நிலையம் அது.

இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் வாரக்கடைசிப் பயணத்துக்கு இருக்கிற எல்லா ரயில் வழிகளும் இந்த ஒரு தடத்தில் ஒன்றோடொன்று மோதுகின்றன.

## வாலிலிருந்து தொடங்குங்கள்

டோக்கியோ முதல் இசுமோ நகரம் வரை 953.6 கிலோமீட்டர். எல்லோரும் இந்தத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். வாரக்கடைசியைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் கடைசி ஐம்பது கிலோமீட்டர்.

சான்-இன் முதன்மைப் பாதையில் ஷின்ஜி என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து தெற்கே மலைக்குள் போவது கிசுகி பாதை: 1937-ல் முழுதும் திறக்கப்பட்ட 81.9 கிலோமீட்டர் ஒற்றைத் தண்டவாளம், பெரும்பாலும் ஒரே பெட்டி டீசல் வண்டி. இசுமோ-யோகொத்தா வரை சுமார் இரண்டு மணி நேரம். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்பதை விரல் விட்டு எண்ணிவிடலாம். யோகொத்தாவைத் தாண்டி பிங்கோ-ஒச்சியாய் வரை போவது தினம் மூன்றே மூன்று. அந்தத் துண்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று ரயில் நிறுவனமே 2024-ல் உள்ளூர் நிர்வாகங்களிடம் கேட்டிருக்கிறது.

எனவே முதல் வேலை நொசோமி போன்ற ஷிங்கான்சென் அதிவேக ரயில்களைப் பார்ப்பது கிடையாது. ஷின்ஜியிலிருந்து சனிக்கிழமை காலை எந்தக் கிசுகி வண்டி, யோகொத்தாவிலிருந்து ஞாயிறு மாலை எந்த வண்டி என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர் காரில் வந்து கூட்டிப்போவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் கையில் இருந்தால் மிச்சமெல்லாம் பின்னோக்கித் தானாக அமைந்துவிடும். முன்னாலிருந்து தொடங்குகிறவர் மூன்றரை மணி நேரத்தில், வண்டி மாறும் ஊரான ஒக்காயாமா வந்துவிட்டு, ஷின்ஜி பிளாட்பாரத்தில் அதே அளவு நேரம் உட்கார்ந்திருப்பார்.

## எதை வைத்து எடை போடுவது

எனக்கு முக்கியமானவை ஐந்து. இதே வரிசையில்.

1. நண்பர் ஊரில் விழித்திருக்கும் நேரம் எவ்வளவு. மொத்தப் பயண நேரத்தைவிட இதுதான் கணக்கு. தூங்கிக்கொண்டே கடக்கும் பன்னிரண்டு மணி நேரம், விழித்து உட்கார்ந்திருக்கும் ஆறு மணி நேரத்தைவிடச் சின்னது.
2. வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் பணம்.
3. திங்கள் காலை ஆபீஸில் எந்த நிலைமையில் இருப்பீர்கள்.
4. டிக்கெட் கிடைக்குமா.
5. நண்பருக்கு எவ்வளவு சிரமம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவருடைய பெட்ரோல், அவருடைய சனிக்கிழமை காலை, மலைப்பாதையில் அவருடைய இரவு ஓட்டம் எல்லாம் செலவுதான்.

## சன்ரைஸ் இசுமோ: வெள்ளி ராத்திரி ரயில்

ஜப்பானில் தினமும் ஓடும் படுக்கை ரயில்களில் மிஞ்சியிருப்பது சன்ரைஸ் இசுமோ, சன்ரைஸ் செத்தோ என்ற இந்த ஜோடி மட்டுமே. இரவு 21:50-க்கு டோக்கியோவில் கிளம்புகிறது. 14 பெட்டி. விடிந்ததும் ஆறரை மணி வாக்கில் ஒக்காயாமாவில் வண்டி இரண்டாகப் பிரியும். ஏழு பெட்டி ஷிகொக்குத் தீவுக்கு, ஏழு பெட்டி இசுமோவுக்கு. இதைப் பார்க்கவே பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தோடு பிளாட்பாரத்தில் இறங்கி நிற்பார்கள். அதற்குப் பிறகு தாகாஹாஷி ஆற்றை ஒட்டி மலைகளுக்குள் ஏறி, வலப்பக்கம் தாய்சென் மலையையும் பிறகு ஷின்ஜி ஏரியையும் காட்டிவிட்டு, பத்து மணிக்குச் சற்று முன் இசுமோ நகரம் சேர்கிறது. நமக்கு வேண்டிய ஷின்ஜியிலும் நிற்கும். அங்கே இறங்கும்போது மணி பத்தேகூட ஆகியிருக்காது.

முதல் அளவுகோலில் ரயில்களில் இதற்குப் போட்டி கிடையாது. வெள்ளிக்கிழமை முழுதும் வேலை பார்த்துவிட்டு, சனி காலையில் நண்பர் முன்னால் நிற்கலாம்.

பணம்? டோக்கியோவிலிருந்து இசுமோ வரை அடிப்படைக் கட்டணம் சுமார் 12,000 யென். அதன் மேல் விரைவுக் கட்டணம் 3,300. அதற்கு மேல் நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நோபிநோபி என்ற கம்பள விரிப்பில் படுத்தால் முன்பதிவுக் கட்டணம் மட்டும், மொத்தம் சுமார் 16,000. சோலோ என்ற குட்டி அறைக்கு 6,600 சேர்த்துச் சுமார் 22,000. சிங்கிள் என்ற அறைக்கு 7,700 சேர்த்துச் சுமார் 23,000. குழந்தைகளுக்கு அடிப்படைக் கட்டணமும் விரைவுக் கட்டணமும் பாதி. படுக்கைக் கட்டணம் மட்டும் முழுசு. குடும்பத்தோடு போகிறவர்கள் இதைக் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

நோபிநோபி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு ஏமாறுகிறார்கள். மேலும் கீழுமாக இரண்டு தளங்கள். ஒவ்வொருவருக்கும் கம்பளம் விரித்த நீட்டமான இடம், தலைமாட்டில் மட்டும் ஒரு சின்னத் தடுப்பு. மெல்லிய போர்வை தருவார்கள், மெத்தை கிடையாது. நம் ஊர் ஸ்லீப்பர் பெர்த்தில் தூங்கிப் பழகியவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் தடுப்பு அவ்வளவு குறைவு என்பதால், அறிமுகமில்லாதவர் பக்கத்தில் படுக்கத் தயங்குகிறவர்கள் சோலோ எடுப்பது நல்லது. இந்த 6,000 யென் வித்தியாசத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். தூங்கவில்லையென்றால் ராத்திரி ரயிலின் ஒரே லாபமும் போய்விடும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது சாப்பாடு. வண்டியில் உணவுப் பெட்டி இல்லை, விற்கிறவர் வர மாட்டார், குடிக்க மட்டும் இயந்திரம் இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடும் காலை டிபனும் டோக்கியோவிலேயே வாங்கி ஏற வேண்டும். சைவம் என்றால் வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வருவதுதான் உத்தமம். நிலையத்தில் விற்கும் ஒனிகிரி என்ற சோற்று உருண்டையில் ஊறுகாய் பிளம் வைத்ததைத் தவிர மற்றதில் மீன் எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது குளியல். 330 யென்னுக்கு ஒரு அட்டை, ஆறு நிமிடம் தண்ணீர். அட்டைகள் கொஞ்சம்தான், வண்டி கிளம்புவதற்குள் தீர்ந்துவிடும். பெட்டியைக்கூட வைக்காமல் நேராக அட்டை இயந்திரத்துக்கு ஓடுகிற கூட்டத்தை முதலில் பார்த்தால் சிரிப்பு வரும்.

மூன்றாவது வானிலை. பெருமழை, புயல், பனி எதுவாயினும் இந்த வண்டி அடிபடும், சில சமயம் பாதி வழியில் நிறுத்தப்படும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் விரைவுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். திங்கள் காலைக் கூட்டம் திரும்பக் கிடைக்காது.

திரும்பும் வண்டி இசுமோவில் மாலை ஏழு மணிக்குச் சற்று முன் கிளம்பி, ஷின்ஜியில் ஏழைத் தாண்டி நின்று, திங்கள் காலை 7:08-க்கு டோக்கியோ சேர்கிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்து டோக்கியோ மெட்ரோவில் பெட்டியோடு ஏறிப் பாருங்கள். ஒன்பது மணிக்கு மேசையில் இருக்க வேண்டியவருக்கு இது இறுக்கமான ஏற்பாடு. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு அருமை.

உண்மையான தடை டிக்கெட்தான். வெள்ளிக்கிழமை அறைகள், விற்பனை திறந்த சில நிமிடங்களில் காலியாகும் நாட்கள் உண்டு. பழைய சந்திரக் கணக்கின் பத்தாம் மாதத்தில், அதாவது நவம்பர், டிசம்பர் வாக்கில், நாட்டின் தெய்வங்கள் எல்லாம் இசுமோவில் கூடுவதாக ஐதீகம். தெய்வங்கள் எப்படி வருகிறார்களோ தெரியாது, பக்தர்கள் சன்ரைஸில்தான் வருகிறார்கள்.

## நொசோமியும் யாகுமோவும்: பகல் வழி

டோக்கியோவிலிருந்து ஒக்காயாமாவுக்கு நொசோமி ஷிங்கான்சென், மூன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. அங்கே மாறி யாகுமோ விரைவு வண்டி, இசுமோ வரை சுமார் மூன்று மணி நேரம். யாகுமோ ஏறக்குறைய மணிக்கு ஒன்று ஓடுகிறது, பெரும்பாலானவை ஷின்ஜியில் நிற்கும்.

சனிக்கிழமை காலை 6:00 நொசோமியைப் பிடித்தாலும் ஷின்ஜி சேரும்போது நண்பகல் தாண்டிவிடும். அங்கிருந்து கிசுகி வண்டிக்குக் காத்திருந்தால் யோகொத்தாவில் சாயங்காலம். நண்பர் ஊரில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு ராத்திரியும் ஞாயிறு முற்பகலும்தான். ஞாயிறு திரும்பும்போதோ, டோக்கியோ செல்லும் கடைசி நொசோமி ஒக்காயாமாவில் இரவு எட்டரை மணி வாக்கில். அதைப் பிடிக்க இசுமோ பக்கத்தில் ஐந்து மணி வாக்கில் யாகுமோவில் இருக்க வேண்டும். மலையிலிருந்து அதற்கும் முன்னால் இறங்க வேண்டும்.

செலவு ஒரு வழிக்கு 22,000 யென்னைச் சுற்றி. அதாவது சன்ரைஸில் தனி அறை எடுத்தால் ஆகும் அதே பணம். "படுக்கை ரயில் ஆடம்பரம், ஷிங்கான்சென் சிக்கனம்" என்ற எண்ணம் இந்தத் தடத்தில் செல்லாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஷிங்கான்சென் ஆப்பில் டோக்கியோ–ஒக்காயாமா மட்டும் தட்டி வாங்கிவிட்டு, மிச்சத்தை ஒக்காயாமாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் அதிகம். ஜேஆர் எனப்படும் ஜப்பான் ரயில் நிறுவனங்களின் அடிப்படைக் கட்டணம் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கு மலிவாகும். டோக்கியோ–ஒக்காயாமா 10,670, ஒக்காயாமா–இசுமோ 4,070 என்று துண்டாக்கினால் 14,740. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் 12,210. ஒரு வழிக்கே 2,500 யென் வித்தியாசம். ஆப்பின் முன்பதிவுத் தள்ளுபடி அதைவிடப் பெரிதாக இருந்தால் சரி, இல்லையென்றால் நிலையக் கவுன்ட்டரில் இசுமோ-யோகொத்தா வரை ஒரே அடிப்படை டிக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்படி வாங்கிய நீண்டதூர டிக்கெட்டுக்கு இன்னும் இரண்டு லாபம். அது டோக்கியோவின் 23 வார்டுகளுக்குள் எந்த ஜேஆர் நிலையத்திலிருந்தும் செல்லும். நம் ஆட்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாயில் இருப்பவர்களுக்கு வாசலில் இருப்பது மெட்ரோ, எனவே பயனில்லை. அதே எதொகாவா வார்டில் கொய்வா பக்கம் இருப்பவர்களுக்குப் பயன் உண்டு. வழியில் இறங்கி ஏறவும் முடியும், ஆறு நாள் வரை செல்லுபடி. மத்சுயேவில் இறங்கிக் கோட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினால் அடிப்படைக் கட்டணம் புதிதாகக் கட்ட வேண்டாம். விரைவு டிக்கெட் மட்டும் அந்தந்த வண்டிக்குத் தனி.

யாகுமோ முழுதும் முன்பதிவு இருக்கைதான். 2024-ல் புதிய 273 வரிசைப் பெட்டிகள் வந்தன. வளைவுகளில் சாய்ந்து ஓடும் பழைய வண்டியில் குமட்டல் வந்து அவதிப்பட்டவர்கள் ஏராளம். புதியது சாய்வைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்துவதால் எவ்வளவோ தேவலை. இருந்தாலும் பஸ்ஸில் வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவதில் தவறில்லை.

பெரிய சூட்கேஸ் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் போகும் பெட்டிக்கு, தோகாய்தோ–சான்யோ ஷிங்கான்செனில் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 1,000 யென். இரண்டு ராத்திரிக்கு எதற்கு அவ்வளவு பெரிய பெட்டி என்பது வேறு கேள்வி.

இந்த வழியின் பெரிய பலம் அதன் நிச்சயம். புதன்கிழமை முடிவு செய்தாலும் இடம் கிடைக்கும். ஒரு நொசோமி தவறினால் அடுத்தது சில நிமிடங்களில். கோல்டன் வீக் (ஏப்ரல் கடைசி, மே தொடக்க விடுமுறைகள்), ஒபோன் (ஆகஸ்ட் நடுவில் வரும் முன்னோர் வழிபாட்டு நாட்கள்), புத்தாண்டுக் காலங்களில் மட்டும் நொசோமி முழுதும் முன்பதிவு இருக்கையாகிவிடும். அப்போது முந்திக்கொள்ள வேண்டும்.

## செய்ஷுன் 18 கிப்பு: மலிவின் வசீகரம்

பெயரில் இளமையும் பதினெட்டும் இருந்தாலும் வயது வரம்பு கிடையாது. 1982-ல் தொடங்கிய டிக்கெட். ஜேஆர் சாதாரண வண்டிகளில் நாள் முழுதும் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம்.

இதைப் பற்றி இணையத்தில் இருக்கும் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். முன்பு ஐந்து நாளைப் பிரித்துப் பயன்படுத்தலாம், நண்பர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். 2024 குளிர்காலத்திலிருந்து அது இல்லை. தொடர்ந்து மூன்று நாளுக்கு 10,000 யென், ஐந்து நாளுக்கு 12,050 யென், ஒருவருக்கு மட்டும். வாரக்கடைசிக்காரர்களுக்குத்தான் இந்த மாற்றம் பெரிய அடி.

போக வரச் சேர்த்து 10,000 யென் என்றால் மற்ற வழிகளில் கால் பங்குதான். ஆனால் விடியற்காலை டோக்கியோவில் ஏறி, வண்டி மாறி மாறி, ஷிசுவோகா மாகாணம் முழுவதையும் பக்கவாட்டு நீள இருக்கையில் உட்கார்ந்து கடந்து, ஒக்காயாமா போகும்போதே பிற்பகல். அதன் பிறகு மலையைத் தாண்டிச் சான்-இன் கரை சேர ராத்திரி. அந்நேரம் கிசுகி வண்டி இருக்காது. சனி முழுதும் போவதற்கு, ஞாயிறு முழுதும் வருவதற்கு என்றால் நண்பரைப் பார்ப்பது எப்போது?

மூன்று நாள் விடுமுறையில் போகலாமே என்பீர்கள். நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். கோடையில் டிக்கெட் ஜூலை 20 முதல் செப்டம்பர் 10 வரை என்பதே வழக்கமான காலம். ஜூலையின் மூன்றாம் திங்கள் வரும் கடல் நாளின் சனி எப்போதும் ஜூலை 20-க்கு முன்னால் விழும். முதியோர் நாள் செப்டம்பர் மூன்றாம் திங்கள், அதற்குள் டிக்கெட் காலம் முடிந்திருக்கும். ஜனவரியின் இரண்டாம் திங்களும் பல வருடங்களில் ஜனவரி 10-ஐத் தாண்டிவிடும். யாரோ வேண்டுமென்றே உட்கார்ந்து கணக்குப் போட்டது போல இருக்கிறது. மிஞ்சுவது மார்ச் சம இரவு நாள் வெள்ளியிலோ திங்களிலோ வருகிற வருடங்கள், அப்புறம் ஒபோன் விடுப்பு.

என் தீர்ப்பு: ஒக்கு-இசுமோவுக்கு வாரக்கடைசியில் இது வேண்டாம். நண்பர் நாகானோவிலோ யமனாஷியிலோ இருந்தால் நிலைமை தலைகீழ். ஐந்தாறு மணி நேர சாதாரண ரயில் பயணம் சுகமானது, அங்கே இந்த டிக்கெட்டை மிஞ்ச ஆளில்லை.

## ரயில் அல்லாதவை, சுருக்கமாக

ஹனேதாவிலிருந்து இசுமோவுக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள். சனி காலை முதல் விமானம் ஏறினால் சன்ரைஸுக்கு இணையாகப் போய்ச் சேரலாம், முன்கூட்டியே வாங்கினால் ஷிங்கான்செனைவிட மலிவாகவும் கிடைக்கும். நேரம் மட்டுமே கணக்கென்றால் விமானம்தான் சரி. இதை ரயில் பிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ராத்திரி பஸ் இவை எல்லாவற்றையும்விட மலிவு, ஆனால் பதினோரு பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தபடி. இருபத்தைந்து வயதுக்காரர்களுக்குச் சொல்லலாம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சுற்றுலா விசாவில் வந்திருப்பவர்கள் ஜப்பான் ரயில் பாஸ் எடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650-லிருந்து 50,000 யென்னாக ஏறியது. இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் வாங்கினால் நஷ்டம். வேறு ஊர்களும் போவதாக இருந்தால் பாருங்கள்: நோபிநோபிக்குக் கூடுதல் பணம் இல்லை, அறைகளுக்கு உண்டு, நொசோமியில் ஏறினாலும் கூடுதல் கட்ட வேண்டும். இங்கே வசிக்கும் விசாக்காரர்களுக்கு அந்தப் பாஸே கிடையாது.

## ஷின்ஜியில் இறங்கிய பிறகு

கிசுகி வண்டி. கட்டணம் ஆயிரம் யென் அளவில். அழகான பாதை, அவசரமில்லாத வண்டி. சில இடங்களில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது. பின்கதவில் ஏறி எண் சீட்டு எடுத்து, முன்கதவில் ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் காசு போட்டு இறங்க வேண்டும். சுயிகா என்ற ரயில் அட்டையைத் தட்டிக்கொண்டு டோக்கியோவிலிருந்து இங்கே வந்து இறங்க முடியாது, சில்லறை வைத்திருங்கள். நேரம் இருந்தால் யோகொத்தாவையும் தாண்டி இசுமோ-சகானே வரை போய்ப் பாருங்கள். வண்டி முன்னும் பின்னுமாக மூன்று அடுக்கு ஏறி 727 மீட்டர் உயரத்து மியினோஹராவுக்குப் போகிறது. குளிர்காலத்தில் பனி விழுந்தால் அந்தத் துண்டு நிறுத்தப்படுவது சகஜம்.

ஒரு எச்சரிக்கை. பயண ஆப்களில் நீங்கள் தேடும் நேரத்தைப் பொறுத்து, பிங்கோ-ஒச்சியாய் வழியாகத் தெற்கிலிருந்து வரும் பாதையைக் காட்டும். வரைபடத்தில் குறுக்கு வழி போலத் தெரியும். அந்தச் சந்திப்பில் பிற்பகலில் வண்டிகள் சந்தித்துக்கொள்வதைத் தவறவிட்டால், சுற்றிலும் மலை, கடை ஒன்றுகூடக் கிடையாது.

நண்பரின் கார். ஷின்ஜியிலிருந்து ஒரு மணி நேரம் அளவில். நேரத்தில் பாதி மிச்சம், ஆனால் போக வர இரண்டு மணி நேரம் அவர் ஓட்ட வேண்டும். மலையூர்க்காரர்கள் இதைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள், "அதெல்லாம் பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். அதற்காக இரண்டு தடவையும் கேட்டுவிடாதீர்கள். போகும்போது அவர் வரட்டும், திரும்பும்போது யோகொத்தாவில் ரயிலேற்றிவிடச் சொல்லுங்கள். பெட்ரோலுக்குக் காசு நீட்டினால் வாங்க மாட்டார். டோக்கியோவிலிருந்து நல்ல இனிப்புப் பெட்டி ஒன்று, வழியில் ஒரு வேளைச் சாப்பாட்டுப் பில் உங்களுடையது, அதுதான் முறை. சைவம் என்பதை ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர் பெருமையாகக் கூட்டிப்போகப்போவது இசுமோ சோபா என்ற நூடுல்ஸ் கடைக்கு, அந்தக் குழம்பில் மீன் சாறு இருக்கும்.

வாடகைக் கார். மத்சுயே, இசுமோ நிலையங்களில் கிடைக்கும். இரண்டு மூன்று பேராகப் போனால் இதுதான் மலிவு, நண்பருக்கும் சிரமமில்லை. இந்திய, இலங்கைச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி செல்லும், ஆனால் ஜப்பானில் இறங்கியதிலிருந்து ஓராண்டு வரைதான். அதற்கு மேல் இங்கே வசிப்பவர்கள் ஜப்பானிய உரிமமாக மாற்றியிருக்க வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை பனிச் சக்கரம் போட்ட காரா என்று கேட்காமல் எடுக்காதீர்கள். பனியில் ஓட்டிப் பழக்கமில்லையென்றால் அந்த மாதங்களில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

## பக்கம் பக்கமாக

| | சன்ரைஸ் | நொசோமி + யாகுமோ | 18 கிப்பு |
|---|---|---|---|
| ஷின்ஜி சேருவது | சனி காலை பத்துக்குள் | சனி நண்பகல் தாண்டி | சனி ராத்திரி |
| ஷின்ஜியை விட வேண்டியது | ஞாயிறு மாலை 7 தாண்டி | ஞாயிறு மாலை 5 வாக்கில் | ஞாயிறு விடியற்காலை |
| ஒரு வழிச் செலவு | சுமார் 16,000–23,000 யென் | சுமார் 22,000 யென் | மூன்று நாளுக்கும் சேர்த்து 10,000 யென் |
| திங்கள் காலை | 7:08 டோக்கியோ, நெரிசலில் பெட்டியோடு | சொந்தக் கட்டிலில் விழிப்பு | கால் வீங்கியிருக்கும் |
| டிக்கெட் | குதிரைக்கொம்பு | சுலபம் | சுலபம், காலத்தில் மட்டும் |
| மழை, பனி வந்தால் | மொத்தப் பயணமும் ஆபத்தில் | மாற்று வண்டி உண்டு | அங்கேயே ராத்திரித் தங்கல் |

## என்றால் எதை எடுப்பது

அட்டவணையின் முதல் இரண்டு வரியைப் பாருங்கள். போகும்போது சன்ரைஸ் தருவது மூன்று மணி நேரம், அதுவும் சனி காலையின் நல்ல நேரம். மதியத்துக்கு முன்னால் மலை ஏறிவிடும் வாய்ப்பு. திரும்பும்போது தருவது இரண்டு மணி நேரம், அதற்கு விலை திங்கள் காலை. எனவே ஒரு பக்கத்துக்குத்தான் சன்ரைஸ் கிடைக்கிறது என்றால் வெள்ளி ராத்திரியை எடுங்கள். ஞாயிறு யாகுமோவிலும் நொசோமியிலும் திரும்புங்கள். இரண்டு பக்கமும் கிடைத்தால்கூட, திங்கள் ஆபீஸ் போக வேண்டியவருக்கு நான் இதையே சொல்வேன்.

வெள்ளி ராத்திரி இடம் கிடைக்கவில்லை, நண்பரால் காரில் வர முடியாது என்றால் சனி காலை விமானம். அதுவும் இல்லையென்றால் பயணத்தை ஒரு திங்கள் விடுமுறைக்குத் தள்ளிவைத்து, இரண்டு வழியும் பகல் ரயிலில் போய்வாருங்கள். ஒரு நாள் கூடினால் நொசோமி வழியின் எல்லாக் குறையும் மறைந்துவிடும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் பகல் வழிதான். ராத்திரி ரயிலின் மெல்லிய சுவருக்கு அப்பால் இருப்பவர்கள் உங்கள் நண்பர்கள் இல்லை.

டிக்கெட் விற்பனை, பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு அதே தேதியில் காலை 10 மணிக்குத் திறக்கிறது. முந்தைய மாதத்தில் அந்தத் தேதியே இல்லையென்றால் பயண மாதத்தின் முதல் தேதி: மே 31 பயணத்துக்கு மே 1. கவுன்ட்டருக்குப் போவதானால் தேதி, வண்டிப் பெயர், ஷின்ஜி வரை, முதலில் சோலோ, இல்லாவிட்டால் சிங்கிள், அதுவும் இல்லாவிட்டால் நோபிநோபி என்று ஒரு தாளில் ஜப்பானிய மொழியில் எழுதிக்கொண்டு பத்துக்கு முன்னாலேயே வரிசையில் நில்லுங்கள். இணையத்தில் என்றால் ஜேஆர் மேற்கின் முன்பதிவுத் தளத்தில் கணக்குத் தொடங்கி, அட்டை எண்ணை முந்தின நாளே பதிந்து வைத்திருங்கள். டிக்கெட்டை டோக்கியோவில் எந்த நிலையத்தில் எடுக்க முடியும் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். திட்டம் மாறினால் பயணத்துக்கு இரண்டு நாள் முன்புவரை ரத்துக் கட்டணம் சில நூறு யென்தான், முந்தின நாளிலிருந்து விரைவு, படுக்கைக் கட்டணத்தில் முப்பது சதவீதம் போய்விடும். வியாழனன்றும் பலர் கைவிடுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் புதன் ராத்திரி முதல் வியாழன் வரை அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பாருங்கள்.